முகத்துவாரத்து நுரையும் நிலத்தடி நுரையும்

2025 ஜனவரி 4, மாலை. மட்டக்களப்பு, கல்லடியிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

காபனீரொட்சைட்டை நுரையாக்கிப் பழைய எண்ணெய்க் கிணற்றுக்குள் இறக்கினால் மிச்ச எண்ணெயும் வருமாம், அந்த வாயுவும் ஆயிரம் வருடம் கீழேயே கிடக்குமாம். வாவித் தண்ணீர் கடலுக்குப் போக ஆற்றுவாய் வெட்டிய பிறகு முகத்துவாரத்தில் முழங்கால் உயரத்துக்கு நுரை ஒதுங்குவதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். மறுநாள் காலையில் போனால் மணலில் பழுப்புக் கறை மட்டும்தான் மிச்சம். நுரையின் ஆயுள் அவ்வளவுதான். அதை நம்பி வாயுவைப் புதைப்பது ஊரை ஏமாற்றும் வேலை என்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 4, இரவு 9.40

நுரை சாகும் என்பது சரி. நுரைதான் வாயுவைப் பிடித்து வைக்கிறது என்பது பிழை. இரண்டையும் ஒன்றாக்கிப் பார்ப்பதால்தான் ஏமாற்று வேலை போலத் தெரிகிறது.

நான் வளைகுடாவில் ஒரு பாறை ஆய்வுகூடத்தில் ஒன்பது வருடம் இருந்தேன். கிணறு தோண்டும்போது எடுத்து வரும் உருளைக் கல்லுக்குள் உப்புத் தண்ணீர், எண்ணெய், காபனீரொட்சைட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்தி, எவ்வளவு போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது என்று அளப்பதுதான் வேலை. கடைசி நான்கு வருடம் முழுக்க நுரையோடு. களுவாஞ்சிக்குடிக்குத் திரும்பி மூன்று வருடமாகிறது, இன்னும் கோப்பையில் நுரையைக் கண்டால் மணிக்கூட்டைப் பார்க்கிறேன்.

வாயுவைக் கீழே வைத்திருப்பது மேலே மூடியாகக் கிடக்கும் இறுகிய பாறை. களிப்பாறை, அல்லது உப்புப் படை. எண்ணெயும் இயற்கை வாயுவும் கோடிக்கணக்கான வருடம் அந்த மூடிக்குக் கீழேதான் கிடந்தன. காலம் போகப் போக வேறு பூட்டுகளும் விழும். பாறையின் நுண்துளைகளில் வாயு துண்டு துண்டாகச் சிக்கும், ஒரு பங்கு உப்புத் தண்ணீரில் கரையும், இன்னொரு பங்கு மெல்ல மெல்லப் பாறையோடு சேர்ந்து கனிமமாகும். நுரை இந்தப் பூட்டுகளில் சேராது. வாயு எந்த வழியால் போக வேண்டும் என்று திருப்பி விடுவதுதான் அதன் வேலை. அந்த வேலைக்கு ஆயிரம் வருட ஆயுள் தேவையில்லை.

ஜனவரி 5, காலை

"திருப்பி விடுவது" என்றால் என்ன என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். வயல் செய்பவர்களுக்கு உடனே விளங்கும். வாய்க்காலைத் திறந்து விடுகிறீர்கள். வரம்பில் ஒரு நண்டுப் பொந்து. தண்ணீர் வயல் முழுக்கப் பரவாமல் அந்தப் பொந்தாலேயே பக்கத்து வயலுக்குப் போய்விடும். மேட்டில் நிற்கும் பயிர் காய்ந்துகொண்டே இருக்கும். எவ்வளவு தண்ணீர் விட்டாலும் பயனில்லை, முதலில் பொந்தை அடைக்க வேண்டும்.

காபனீரொட்சைட்டு இந்தத் தண்ணீரை விட மோசம். நிலத்துக்குள் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் அமுக்கம் சுமார் 100 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அமுக்கம்), வெப்பம் 25 முதல் 30 பாகை வரை கூடுகிறது. இந்த வாயுவின் அவதி வெப்பநிலை 31 பாகை, அவதி அமுக்கம் 74 பார், அதாவது இரண்டையும் தாண்டினால் வாயு, திரவம் என்ற பிரிவு மறையும் எல்லை. ஆகவே சுமார் 800 மீற்றருக்குக் கீழே அது வாயுவென்றும் சொல்ல முடியாது, திரவமென்றும் சொல்ல முடியாது. அடர்த்தி திரவத்துக்குக் கிட்ட வந்துவிடும், அதனால்தான் நிலத்துக்கு மேலே பெரிய மண்டபம் நிறையும் வாயு கீழே ஒரு சின்ன அறைக்குள் அடங்குகிறது. ஆனால் பாகுநிலை, அதாவது ஓடும்போது காட்டும் தடிப்பு, தண்ணீரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான், எண்ணெயோடு பார்த்தால் இன்னும் எத்தனையோ மடங்கு குறைவு. இவ்வளவு இளக்கமான ஒன்று தடித்த எண்ணெயைத் தள்ளினால் நேராகத் தள்ளாது. விரல் விரலாக ஊடுருவிக்கொண்டு ஓடும். நீரையும் எண்ணெயையும் விடப் பெரும்பாலும் இலேசு என்பதால் மேல் பக்கமாக ஏறிவிடும். கல்லில் ஒரு படை மற்றதை விடத் திறந்ததாக இருந்தால் அதற்குள்ளேயே முழுவதும் பாயும். எண்ணெய் அப்படியே கிடக்க, இறக்கிய வாயு அடுத்த கிணற்றால் மேலே வந்துவிடும்.

நுரை இந்தப் பொந்துகளை அடைக்கிறது. கல்லுக்குள் இருக்கும் நுரையை தேத்தண்ணிக் கோப்பை நுரை போல நினைக்காதீர்கள். நுண்துளைகள் தலைமயிரின் தடிப்பை விடச் சின்னவை. ஒவ்வொரு துளையின் கழுத்திலும் குறுக்கே ஒரு சவர்க்காரப் படலம், கதவில் கட்டிய துணி போல. வாயு நகர வேண்டுமானால் அத்தனை படலங்களையும் தள்ளிக்கொண்டுதான் நகர வேண்டும். பத்தில் ஒரு பங்கு தண்ணீரும் ஒன்பது பங்கு வாயுவும் என்றாலும் போதும், அந்த இளகிய வாயு தடித்த பொருள் போல நடக்கத் தொடங்கிவிடும்.

யோசனை புதிதல்ல. எண்ணெய்ப் பாறைக்குள் நுரை இறக்குவதற்கு அமெரிக்காவில் 1958 இலேயே காப்புரிமை எடுத்திருக்கிறார்கள். எண்ணெய் எடுப்பதற்காகப் பெரிய அளவில் காபனீரொட்சைட்டை இறக்கியது 1972 இல், டெக்சாசின் சாக்ரொக் வயலில்.

ஜனவரி 7

அக்கரைப்பற்றிலிருந்து உயர்தரத்துக்கு இரசாயனம் படிப்பிக்கும் ஒருவர் கேட்கிறார்: "நல்ல நுரை, கெட்ட நுரை என்று எதை வைத்துச் சொல்வீர்கள் சேர்?"

கண்ணாடி உருளையில். ஒரு பரப்புச் செயலியை, அதாவது சவர்க்காரம் போல நுரை கட்டும் பொருளை, தண்ணீரில் கரைத்து, வாயுவை அடியிலிருந்து விட்டு, நுரை எழும்பியதும் மூடிவிட்டு நேரம் எடுப்போம். நுரையின் உயரம் பாதியாகும் நேரம்தான் அளவு. நேரம் கூடினால் நுரை நல்லது.

நுரை மூன்று விதமாகச் சாகும். முதலாவது, படலத்தில் இருக்கும் தண்ணீர் வடிந்து கீழே இறங்கிப் படலம் மெலிவது. இரண்டாவது, மெலிந்த படலம் உடைந்து இரண்டு குமிழி ஒன்றாவது. மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. சின்னக் குமிழிக்குள் அமுக்கம் கூட, பெரிய குமிழிக்குள் குறைவு. அதனால் ஒரு படலமும் உடையாமலே, சின்னக் குமிழியின் வாயு படலத் தண்ணீரில் கரைந்து மற்றப் பக்கம் போய்விடும். சின்னது மெலியும், பெரியது கொழுக்கும். பிள்ளைகளுக்கு இதைக் காட்ட உருளைக்குப் பக்கத்தில் ஒரு பூதக்கண்ணாடி போதும்.

இந்த இடத்தில்தான் காபனீரொட்சைட்டு தோற்கிறது. நைதரசனை விட அது தண்ணீரில் சுமார் 50 மடங்கு கூடுதலாகக் கரையும். ஆகவே படலத்தைத் தாண்டுவது அதற்குக் கஷ்டமே இல்லை. அதே சவர்க்காரம், அதே உருளை, நைதரசன் நுரை நின்றுகொண்டிருக்கும்போதே காபனீரொட்சைட்டு நுரை கரடுமுரடாகிக் கலைந்துவிடும்.

ஜனவரி 8

முகத்துவார நுரையைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. அது ஒரு இரவாவது நிற்பதே பெரிய காரியம். வெறும் கடல் தண்ணீர் அலையில் அடிபட்டால் நுரை சில கணம்கூடத் தங்காது. மாரியில் வாவி நிரம்பி வெளியே பாயும்போது அழுகிய இலை, பாசி, செத்த நுண்ணுயிர் எல்லாம் கரைந்து வரும். அதில் இருக்கும் புரதம் போன்றவைதான் குமிழியின் தோலைக் கட்டிப் பிடிக்கின்றன. அந்தப் பழுப்புக் கறை அதுதான்.

ஜனவரி 14, பொங்கல்

இன்று காலை முற்றத்தில் பால் பொங்கியபோது, ஏழாம் திகதி எழுதியதில் ஒரு பெரிய பிழை இருக்கிறது என்று தோன்றியது. வருடக்கணக்காக அறிந்த விடயம்தான். ஆனாலும் கண்ணாடி உருளையைப் பற்றி எழுதும்போது பழக்கத்தில் அப்படியே எழுதிவிட்டேன்.

பானையைப் பாருங்கள். நெருப்பு இருக்கும் வரை அடியிலிருந்து ஆவிக் குமிழி வந்துகொண்டே இருக்கிறது, மேலே உடைந்துகொண்டே இருக்கிறது. வருவது கூட, உடைவது குறைவு, அதனால் பொங்கி வழிகிறது. என் தங்கை ஒரு கொள்ளியை வெளியே இழுத்தாள். இரண்டு மூச்சு விடுவதற்குள் நுரை பானைக்குள் இறங்கிவிட்டது. பாலில் ஒரு மாற்றமும் இல்லை, நுரையின் "தரம்" அதே தரம்தான். மாறியது பிறப்பின் வேகம்.

கல்லுக்குள் நடப்பதும் பானையில் நடப்பதுதான், உருளையில் நடப்பது அல்ல. மீதியை நாளைக்கு எழுதுகிறேன், விருந்தாட்கள் வந்துவிட்டார்கள்.

ஜனவரி 15

உருளைக்குள் நுரை ஒருதரம் பிறக்கிறது, பிறகு சாக மட்டும் செய்கிறது. கல்லுக்குள் வாயு ஓடிக்கொண்டிருக்கும் வரை படலங்கள் பிறந்துகொண்டே இருக்கும். வாயு ஒரு ஒடுங்கிய கழுத்தைத் தாண்டி அகன்ற துளைக்குள் நுழையும்போது, பின்னால் சுவரோரத்துத் தண்ணீர் கழுத்தில் சேர்ந்து நெரித்துவிடும். ஒரு புதுக் குமிழி. நகரும் படலம் ஒன்று வழி பிரியும் இடத்துக்கு வந்தால் இரண்டாகும். இரண்டு பக்கமிருந்தும் வாயு வந்து ஒரு துளையைச் சூழ்ந்தால் நடுவில் தண்ணீர்ப் படலம் ஒன்று மிஞ்சும். ஒவ்வொரு படலமும் உடைகிறது, ஒவ்வொரு கழுத்திலும் இன்னொன்று பிறக்கிறது. கல்லுக்குள் நுரை நிலையாக இருக்கிறது என்றால் படலங்கள் சாகவில்லை என்று பொருளல்ல. பிறப்பு இறப்புக்கு ஈடு கொடுக்கிறது என்று பொருள்.

ஆக, கேள்வி கேட்ட கல்லடிக்காரருக்கு என் முழுப் பதில் இப்போதுதான் வருகிறது. முகத்துவாரத்தில் நீங்கள் பார்ப்பது பிறப்பு நின்றுபோன நுரையை.

இதை நான் படித்த விதத்தையும் சொல்ல வேண்டும். நான் வேலை செய்த ஆய்வுகூடத்தில் பதினொரு பரப்புச் செயலிகளை உருளையில் வரிசைப்படுத்தினோம். வசதிக்காக நைதரசனில், அறை வெப்பத்தில். முதலிடம் பிடித்தது ஒரு எதிரயன் வகை, அதாவது எதிரேற்றம் கொண்டது, ஒலிபின் சல்பனேற்று. நுரை மணிக்கணக்காக நின்றது. அதைத்தான் சுண்ணாம்புக் கல்லுக்குள் செலுத்தினோம். 100 பாகைக்கு மேலே, கடலை விடப் பல மடங்கு உப்பான தண்ணீரில், காபனீரொட்சைட்டோடு. ஒன்றும் நடக்கவில்லை. கல்லின் இரு முனைக்கும் இடையே அமுக்க வேறுபாடு வெறும் வாயு போனால் எவ்வளவோ அவ்வளவுதான் காட்டியது. இரண்டு கிழமை கருவியைக் குறை சொன்னோம். பிறகுதான் வெளியே வந்த திரவத்தில் சவர்க்காரத்தை அளந்தோம். ஏறக்குறைய இல்லை. சுண்ணாம்புக் கல்லின் மேற்பரப்பு அந்தத் தண்ணீரில் நேரேற்றம் கொண்டது, எதிரயன் முழுவதும் அதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. மிஞ்சியதில் ஒரு பங்கு கல்சியத்தோடு சேர்ந்து வீழ்படிவாகிவிட்டது.

பட்டியலில் எட்டாம் இடத்தில் ஒரு எதொக்சி அமீன் வகை இருந்தது. உருளையில் பரிதாபமான நுரை. ஆனால் காபனீரொட்சைட்டு கரைந்த தண்ணீர் அமிலமாகும், கீழே அந்த அமுக்கத்தில் பிஎச் 3 அல்லது 4 வரைக்கும் இறங்கும். அந்த அமிலத்தில் இந்த அமீன் நேரேற்றம் பெறுகிறது, நேரேற்றம் கொண்ட கல்லோ அதைத் தள்ளி விடுகிறது. ஆக அது தண்ணீரிலேயே தங்கிப் படலத்துக்குப் போய் வேலை செய்தது. கல்லுக்குள் அதுதான் முதலிடம். அன்று இரவு அமுக்கமானியின் முள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நானும் ஒரு எகிப்திய நண்பரும் காலை மூன்று மணி வரை வீட்டுக்குப் போகவில்லை.

ஏழாம் திகதிக் குறிப்பை அழிக்கவில்லை. உருளை ஒரு முதல் வடிகட்டி, அதற்கு மேல் அதை நம்பக் கூடாது என்று திருத்தி வாசியுங்கள்.

ஜனவரி 16

"அமுக்கத்தோடு வேலை செய்வது பயமில்லையா" என்று கேட்டவருக்கு: பயம் இருந்தது, அதைவிடத் தொல்லைதான் கூட. காபனீரொட்சைட்டு றப்பருக்குள் ஊறும். அமுக்கத்தை அவசரமாக இறக்கினால் ஊறிய வாயு உள்ளேயே விரிந்து, கசிவை அடைக்கும் ஓ-ரிங் வளையம் எல்லாம் கொப்புளம் போட்டுப் பிளந்துவிடும். ஒருதரம் பசியில் அவசரப்பட்டு இறக்கி, கல்லைச் சுற்றியிருந்த றப்பர் உறை முழுவதையும் கெடுத்தேன். புது உறை வர ஆறு கிழமை. இன்னொன்று, வெளியே வரும் வழியில் வாயு விரிந்து குளிர்ந்து வால்வுக்குள் உலர்பனிக்கட்டியாக உறைந்து அடைத்துவிடும். வெளியே 45 பாகை வெயில், உள்ளே நாங்கள் வால்வுக்குச் சுடுதண்ணீர்த் துணி சுற்றிக்கொண்டிருப்போம்.

ஜனவரி 18

எண்ணெயைத் தள்ளப் போகும் நுரைக்கு எண்ணெய்தான் முதல் எதிரி.

பருப்பு கொதித்து நுரை தள்ளும்போது ஒரு துளி தேங்காயெண்ணெய் விட்டால் அடங்கிவிடும். எங்கள் அம்மா இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. எண்ணெய்த் துளி படலத்தின் மேற்பரப்புக்குள் நுழைகிறது, பரவுகிறது, சவர்க்காரத்தையோ புரதத்தையோ அந்த இடத்தைவிட்டுத் தள்ளுகிறது. அல்லது படலத்தின் இரு பக்கத்தையும் தொட்டுப் பாலம் போட்டு நடுவில் பிளந்துவிடுகிறது. பொதுவாக இலேசான எண்ணெய் கூடுதலாகக் கெடுக்கும்.

ஆனால் இதற்குள்ளே ஒரு அழகு இருக்கிறது. எண்ணெய் ஏற்கெனவே கழுவிப் போன இடத்தில் நுரை உயிரோடு நின்று வழியை அடைக்கும். எண்ணெய் இன்னும் இருக்கும் இடத்தில் நுரை செத்துவிடும், அங்கே வாயு தாராளமாக நுழையும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

ஜனவரி 19

நேற்று எழுதியதை வாசித்தபோது அதை மிக இனிப்பாகச் சொல்லிவிட்டேன் என்று பட்டது. தண்ணீரால் கழுவிய பிறகும் கல்லில் எண்ணெய் மிச்சமிருக்கும். அந்த மிச்சமே கூட என்றால் நுரை பிறக்கவே பிறக்காது. எங்கள் கற்களில் பலமுறை அப்படி நடந்தது. முதலில் வாயு போய் எண்ணெயைக் கொஞ்சம் எடுத்து வழி துப்பரவாக்கிய பிறகுதான், மணித்தியாலங்கள் கழித்து, நுரை மெல்லத் தலைதூக்கும். கள வேலையில் அந்தத் தாமதம் மாதங்களாகும், அதற்குள் பணம் போட்டவர்களின் பொறுமை போய்விடும்.

ஜனவரி 22

அக்கரைப்பற்று ஆசிரியர் விடமாட்டார். "வாயுவைக் கூட்டிக்கொண்டே போனால் நுரை வலுக்குமா?" ஒரு எல்லை வரை. நுரையில் வாயுவின் பங்கு கூடக்கூட கல் காய்கிறது. காயும்போது மீதித் தண்ணீரைக் கல் இன்னும் வலுவாக மூலைகளுக்குள் இழுக்கும், அதாவது மயிர்த்துளை அமுக்கம் கூடும். அது ஒரு அளவைத் தாண்டியதும் படலங்கள் மளமளவென்று உடையும். அந்த அளவுக்கு மேல் நுரை தாங்காது.

இதிலிருந்து வரும் ஒன்றைத்தான் நான் இந்தத் துறையிலேயே மிகவும் விரும்புகிறேன். இறுக்கமான கல்லில் மயிர்த்துளை அமுக்கம் இயல்பாகவே கூட. திறந்த கல்லில் குறைவு. ஆகவே நுரை திறந்த படையில் வலுவாகப் பிறந்து அதை அடைக்கிறது, இறுகிய படையில் பலவீனமாகி வழி விடுகிறது. எவரும் கீழே போய் எந்தப் பொந்தை அடைப்பது என்று சொல்ல வேண்டியதில்லை. நண்டுப் பொந்தைத் தானே தேடிப்போய் அடைக்கும் களிமண்.

கள அனுபவமும் இருக்கிறது. 2019 இல் டெக்சாசின் ஈஸ்ட் செமினோல் வயலில், நோர்வேயின் பேர்கன் பல்கலைக்கழகம் முன்னின்ற ஒரு பரிசோதனையில் பரப்புச் செயலி கலந்த தண்ணீரையும் காபனீரொட்சைட்டையும் மாறி மாறி இறக்கினார்கள். மாறி மாறி இறக்குவது ஏனென்றால் கிணற்றடியிலேயே நுரை கட்டினால் பம்பால் எதையும் உள்ளே தள்ள முடியாது. உள்ளே போய்க் கட்ட வேண்டும்.

ஜனவரி 25

சம்மாந்துறையில் அரிசி ஆலை வைத்திருக்கும் ஒரு நானா எழுதியிருக்கிறார். நுரையைச் சிலிக்காத் துணிக்கைகளால் நிலைநிறுத்தலாம் என்று எங்கோ வாசித்தாராம், உமிச் சாம்பலில் சிலிக்காதானே இருக்கிறது, அவர் ஆலைக்குப் பின்னால் மலை போலக் கிடக்கிறதாம்.

நல்ல கேள்வி, இரண்டு நாள் யோசித்தேன். சவர்க்கார மூலக்கூறு படலத்துக்கு வரும், போகும். சூட்டில் சிதையவும் கூடும். ஆனால் பொருத்தமான ஒரு நுண்துணிக்கை குமிழியின் தோலில் ஒருதரம் உட்கார்ந்துவிட்டால் அதைக் கழற்ற வேண்டிய சக்தி மிக அதிகம், சாதாரண அசைவில் கழராது. குமிழிக்குக் கவசம் போல. அதனால்தான் சூடான, உப்பான பாறைகளுக்கு இதை நாடுகிறார்கள்.

உமிக் கணக்கு இப்படி வரும். 100 கிலோ நெல்லில் சுமார் 20 கிலோ உமி. எரித்தால் சுமார் 4 கிலோ சாம்பல், அதில் 85 வீதத்துக்கு மேல் சிலிக்கா. அம்பாறை மாவட்டத்துக்கு இது சின்னக் கணக்கு அல்ல. ஆனால் ஆலைச் சாம்பல் அப்படியே உதவாது. கரி கலந்திருக்கும், துணிக்கை ஆயிரம் மடங்கு பெரிதாக இருக்கும். உமியை முதலில் அமிலத்தில் கழுவி, வெப்பத்தைக் கட்டுப்படுத்தி எரிக்க வேண்டும். 700 பாகைக்கு மேலே விட்டால் பளிங்காகத் தொடங்கும், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. பிறகு நனோ அளவுக்குச் சின்னதாக்கி, மேற்பரப்பைப் பாதி தண்ணீரை விரும்புவதாகவும் பாதி விரும்பாததாகவும் மாற்ற வேண்டும். முழுக்க விரும்பினால் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும், படலத்துக்கு வராது. கல்லின் துளைகளை அடைத்துவிடாமல் போய்ச் சேரவும் வேண்டும்.

நானா, ஆலைக்குப் பின்னால் கிடப்பதை யாராவது கிண்டினால் முகத்தைக் கட்டச் சொல்லுங்கள். ஒலுவில் பல்கலைக்கழகத்திலோ வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலோ ஒரு மாணவர் இதை எடுத்துச் செய்தால் என் பழைய குறிப்புப் புத்தகங்களைக் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

ஜனவரி 29

"எண்ணெயை எடுத்து எரிக்கத்தான் இவ்வளவு பாடு. பிறகு என்ன சூழல் பாதுகாப்பு?" கல்முனையிலிருந்து ஒரு தங்கச்சி கோபமாகக் கேட்டிருக்கிறார். கோபம் நியாயமானது. நானும் அந்த வேலையில் இருந்தபோது இதை மனதில் தள்ளி வைத்துத்தான் இருந்தேன்.

ஒரு பீப்பாய் எண்ணெய் எரிந்தால் சுமார் 430 கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறும். இந்த முறையில் ஒரு பீப்பாய் எடுக்க 300 முதல் 600 கிலோ வரை கீழே தங்குகிறது. ஆகவே கணக்கு எந்தப் பக்கமும் சாயலாம். அந்த வாயு எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். டெக்சாசில் பெரும் பகுதி, நிலத்துக்குள் இயற்கையாகவே பூட்டிக் கிடந்த வாயுவைத் தோண்டியெடுத்துக் குழாயால் கொண்டு வந்தது. அதைச் சேமிப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கனடாவின் வேய்பர்ன் வயலுக்கு 2000 இலிருந்து வருவது வட டக்கோட்டாவில் நிலக்கரியை வாயுவாக்கும் ஆலையின் புகை. அபுதாபியில் 2016 இலிருந்து ஒரு உருக்காலையின் வாயுவைப் பிடித்து எண்ணெய் வயலில் இறக்குகிறார்கள், ஆண்டுக்கு 8 இலட்சம் தொன் வரை பிடிக்கும் அமைப்பு. இவை வேறு கதை, புகைபோக்கியால் போயிருக்க வேண்டியது கீழே போகிறது.

என் மனம் இப்போது எண்ணெய் இல்லாத பக்கம்தான் சாய்கிறது. நோர்வே 1996 இல் ஸ்லைப்னரில் தொடங்கிய சேமிப்பில் எண்ணெயே கிடையாது. கடலடியில் ஒரு உப்புநீர் மணற்படை, தொடக்க வருடங்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 இலட்சம் தொன். அங்கே நுரையும் இல்லை. வாயு மேலேறி மெல்லிய களிப்படைகளின் கீழே விரிந்து கிடப்பதை அதிர்வலைகளை நிலத்துக்குள் அனுப்பி எடுத்த படங்களில் கண்டார்கள். இப்படிப்பட்ட திறந்த படைகளில் துளை இடத்தின் சில வீதத்தைத்தான் வாயு பிடிக்கிறது, மீதி இடம் சும்மா. நுரையால் வாயுவைப் பக்கவாட்டில் பரப்பினால் அதே பாறையில் கூடுதலாக வைக்கலாம், தண்ணீரையும் கூடுதலாகத் தொட்டுக் கரையும். தங்கச்சி, நுரைக்கு நான் நியாயம் கேட்பது இந்த வேலைக்காகத்தான்.

பெப்ரவரி 1

எங்கள் நிலத்துக்குக் கீழே வைக்கலாமா? மட்டக்களப்பு, அம்பாறைக் கரை நெடுக அடியில் கிடப்பது விஜயன் தொகுதிப் பாறை, பெரும்பாலும் நைஸ். மிகப் பழைய, பளிங்குருவாக இறுகிய பாறை, நுண்துளை என்று சொல்ல ஒன்றுமில்லை. மேலே மணலும் வண்டலும் ஒரு போர்வைதான். படுவான்கரையில் வெளியே தெரியும் கல்மேடுகளைப் பாருங்கள், அதில் எங்கே போய் வாயு உட்காரும்? படிவுப் பாறை தடித்துக் கிடப்பது மன்னார், காவிரிப் படுகைகளில். மன்னாரில் 2011 இல் இயற்கை வாயு கண்டார்கள்.

வாயு வெளியே வந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியையும் தட்டிக் கழிக்கக் கூடாது. காபனீரொட்சைட்டு காற்றை விடக் கனம், பள்ளத்தில் தேங்கும். 1986 இல் கமரூனின் நியோஸ் ஏரியிலிருந்து இயற்கையாக வெளியேறி ஏறத்தாழ 1700 பேரைக் கொன்றது. 2020 இல் மிசிசிப்பியின் சட்டார்ஷியா ஊரருகே குழாய் வெடித்துப் பலர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஆழத்துப் பாறையை விட, மேலே ஓடும் குழாயையும் பழைய கிணறுகளின் சிமெந்தையும் பற்றித்தான் எனக்குக் கவலை.

பெப்ரவரி 9, ஞாயிறு

என் மருமகள் இந்த வருடம் உயர்தரம். இவ்வளவையும் வாசித்துவிட்டு, "மாமா, கதை போதும், செய்து காட்டுங்கோ" என்றாள். குசினியில் செய்தோம்.

மூன்று தண்ணீர்: எங்கள் வீட்டுக் கிணறு, வாவிப் பக்கத்து உவர்க் கிணறு, பீப்பாயில் பிடித்த மழைத் தண்ணீர். முதலில் சலவைச் சவர்க்காரக் கட்டி. மழைத் தண்ணீரில் போத்தல் நிறைய நுரை. உவர்க் கிணற்றில் தயிர் திரைந்தது போல வெள்ளைத் திரள் மட்டும், நுரை இல்லை. கல்சியமும் மகனீசியமும் சவர்க்காரத்தைப் பிடித்துக்கொண்டன. என் சுண்ணாம்புக் கல்லுக்கு நடந்ததில் பாதி இதுதான் என்றேன். பிறகு ஷம்பூ, மூன்றிலும் நுரைத்தது. அதில் ஒரு துளி தேங்காயெண்ணெய் விட்டுக் குலுக்கினோம், உட்கார்ந்துவிட்டது.

வினாகிரியில் அப்பச்சோடா போட்டால் காபனீரொட்சைட்டு வரும். ஆனால் அதிலேயே ஷம்பூவைக் கலந்தால் அமிலமும் உப்பும் சேர்ந்துவிடும், எதனால் எது என்று சொல்ல முடியாது. ஆகவே வாயுவைச் சேலைன் குழாயால் இன்னொரு போத்தலின் ஷம்பூத் தண்ணீருக்குள் விட்டோம். பக்கத்தில் அதே தண்ணீருக்குள் மீன்தொட்டிப் பம்பால் காற்று. இரண்டும் ஒரே உயரம் வந்ததும் மூடினோம். காபனீரொட்சைட்டுப் போத்தலில் குமிழிகள் கண்ணுக்கு முன்னே பெருத்தன. அது பாதிக்கு இறங்கியபோது காற்றுப் போத்தலில் ஒரு விரல்கூட இறங்கவில்லை.

அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இறங்கிக்கொண்டிருந்த போத்தலின் குழாயை மறுபடி திறந்து விட்டாள். நுரை ஏறியது. பாதி திறப்பில் நிறுத்தினாள், ஏறாமல் இறங்காமல் ஒரே இடத்தில் நின்றது. உற்றுப் பார்த்தால் மேலே உடைகிறது, கீழே பிறக்கிறது.

"இதுதானே மாமா பொங்கல் அன்றைக்கு எழுதினது?"

அடுத்த ஞாயிறு போத்தலுக்குள் ஆற்றுமணல் நிரப்பிச் செய்யப் போகிறோம். மணலை அரித்துக் காயப் போட்டிருக்கிறேன்.